‘விட’ பறித்த மதிப்பெண்கள்

மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள். ஒன்றுக்கு 2 மதிப்பெண், தப்பானால் அரை மதிப்பெண் கழியும். முதல் முறை எழுதியபோது, பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் நான் அதிகம் அழுத்தியது ‘நோ எரர்’ (பிழை இல்லை) என்பதைத்தான். படித்தால் எல்லா வாக்கியமும் சரியாகவே பட்டது. தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை.

அடுத்த முறை தயாரானபோது, மாதிரித் தேர்வில் தப்பாகும் வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அதைத் தமிழிலும் எழுதினேன். ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ எனும் ஒப்பீட்டு வடிவங்களுக்கான பக்கங்கள் நிறைந்தபோது திருடன் பிடிபட்டான். ‘விட’ என்கிற சொல்!

தமிழில் ஒப்பிடும்போது பண்பைச் சொல்லும் சொல் மாறுவதே இல்லை. ‘கண்ணன் உயரம்’, ‘ரவியை விடக் கண்ணன் உயரம்’. சுமை முழுவதையும் ‘விட’ தூக்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘தேன்’ (than) வந்தால் போதாது, ‘டால்’ (tall) என்பதும் ‘டாலர்’ (taller) ஆக வேண்டும். இதைப் பள்ளியிலேயே ராகம் போட்டு ஒப்பித்துவிட்டோம், சரி. சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

‘அவர் என்னை விட சீனியர்’ என்பது நமக்கு இயல்பு. உடனே கை ‘சீனியர் தேன் மீ’ என்று எழுதும். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. அங்கேயே ஒப்பீட்டு வடிவம் எடுத்துவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. அதனால் முன்னால் ‘மோர்’ வராது, பின்னால் ‘தேன்’ வராது, ‘டு’ (to) தான். ‘ப்ரிஃபர்’ வினைச்சொல் என்றாலும் அதற்கும் ‘டு’ போடுவதே வழக்கம்: ‘ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி’.

‘சென்னையை விட ஊட்டியின் தட்பவெப்பம் இதமானது.’ தமிழில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இதையே ‘தி கிளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் பெட்டர் தேன் சென்னை’ என்றால் ஆங்கிலத்தில் பிழை. தட்பவெப்பத்தை ஓர் ஊரோடு ஒப்பிட்டுவிட்டோம். ‘தேன் தட் ஆஃப் சென்னை’ என்று வர வேண்டும். இந்த ஒரு வகையில் மட்டும் என் நோட்டில் இரண்டு பக்கம் போயிருந்தது.

‘மோர் பெட்டர்’ கூட நம் ‘இன்னும் நல்லா’ செய்த வேலைதான். அழுத்தம் வேண்டுமானால் ‘மச் பெட்டர்’. இருவரில் உயரமானவன் என்றாலும் நால்வரில் உயரமானவன் என்றாலும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத் தேர்விலோ இருவருக்கு ‘தி டாலர் ஆஃப் தி டூ’, மூவரோ அதற்கு மேலோ இருந்தால்தான் ‘டாலெஸ்ட்’.

தமிழ் காலை வாரிவிட மட்டும்தான் செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம். ‘எனி அதர்’ எங்கே, வெறும் ‘எனி’ எங்கே என்று நான் மாதக்கணக்கில் குழம்பினேன். ‘கண்ணன் இஸ் டாலர் தேன் எனி அதர் பாய் இன் தி கிளாஸ்’ என்பது சரி. ‘எவரெஸ்ட் இஸ் ஹையர் தேன் எனி அதர் மவுண்டன் இன் இந்தியா’ என்பது தப்பு. ஏன்? தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘வகுப்பில் மற்ற எல்லாரையும் விடக் கண்ணன் உயரம்.’ கண்ணனும் அதே வகுப்பு, ‘மற்ற’ இல்லாவிட்டால் அவன் தன்னை விடவே உயரமாகிவிடுவான். ‘இந்தியாவில் உள்ள மற்ற மலைகளை விட எவரெஸ்ட் உயரம்’ என்றால் காது உடனே உறுத்தும். எவரெஸ்ட் நேபாள-திபெத் எல்லையில் அல்லவா இருக்கிறது! தமிழில் ‘மற்ற’ பொருந்தினால் ‘அதர்’ போடுங்கள், உறுத்தினால் எடுத்துவிடுங்கள். இதற்கு இதைவிட நல்ல சூத்திரம் எந்த கைடிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

‘ஒன் ஆஃப் தி டாலெஸ்ட் பாய்’ என்ற பிழையையும் தமிழே காட்டிக்கொடுக்கும். ‘உயரமான பையன்களில் ஒருவன்’ என்று சொன்னாலே பன்மை வந்து நிற்கும், ‘பாய்ஸ்’.

‘எல்டர்’, ‘ஓல்டர்’ குழப்பத்துக்கு என் வழி இது. அண்ணன், அக்கா என்று ஒரே சொல்லில் முடியும் இடத்தில் ‘எல்டர் பிரதர்’, ‘எல்டர் சிஸ்டர்’. ‘என்னை விட மூன்று வயது மூத்தவன்’ என்று ‘விட’ வந்துவிட்டால், சொந்த அண்ணனாகவே இருந்தாலும் ‘ஓல்டர் தேன் மீ’தான்.