மிஞ்சிய ஆத்தங்குடிக் கற்களும் 91 என்ற எண்ணும்

கானாடுகாத்தானில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டில், தளம் போட்டபோது மிஞ்சிய ஆத்தங்குடிக் கற்கள் அடுக்கிக் கிடக்கின்றன. ஆறாம் வகுப்பில் படிக்கும் அண்ணன் மகளுக்குக் காரணிகளைச் சொல்லிக்கொடுக்க அவற்றைத்தான் எடுத்துக்கொண்டேன். 12 கற்களைக் குறைவின்றிச் செவ்வகமாகப் பரப்பச் சொன்னால், ஒரே வரிசையாகவோ, வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசையாகவோ, வரிசைக்கு நான்காக மூன்று வரிசையாகவோ பரப்பலாம்; இந்த நீள அகலங்களில் வரும் 1, 2, 3, 4, 6, 12 ஆகியவையே 12-இன் காரணிகள். இன்னும் ஒரு கல்லைச் சேர்த்து 13 ஆக்கிவிட்டால், எப்படி மாற்றி வைத்தாலும் ஒற்றை வரிசைதான் அமையும். 1, 13 என்ற இரண்டே காரணிகள் உடைய அதுவே பகா எண். 1-க்கோ ஒரே ஒரு காரணிதான் என்பதால், அது பகா எண்ணும் அன்று, இரண்டுக்கு மேற்பட்ட காரணிகள் உடைய பகு எண்ணும் அன்று.

"அப்படியானால் 91 பகா எண்தானே, சித்தப்பா?" என்றாள். பெரியவர்களையும் ஏமாற்றும் எண் அது. ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு என்று தொடங்கும் ஏழாம் வாய்ப்பாட்டை நாம் எழுபதோடு நிறுத்திவிடுவதால், பதின்மூன்றேழு தொண்ணூற்றொன்று என்பது காதில் விழுவதே இல்லை. (வாய்ப்பாட்டைப் பதினாறு வரையாவது ஒப்பிக்க வைக்க வேண்டும் என்பது என் கட்சி; வீட்டில் ஆதரவு இல்லை.)

அடுத்து 97-ஐ எடுத்தோம். அது 2, 3, 5, 7 ஆகிய எதனாலும் மீதியின்றி வகுபடவில்லை. இதற்கு மேல் 11, 13 என்று போக வேண்டாமா என்பது அவளுடைய ஐயம். காரணிகள் எப்போதும் இணையாகவே வரும்; இணையின் இரண்டு எண்களும் 10-க்கு மேற்பட்டவையாக இருந்தால், அவற்றின் பெருக்கற்பலன் குறைந்தது 11 × 11, அதாவது 121 ஆகிவிடும். ஆகவே 97-க்கு வேறு காரணி இருந்தால், இணையில் சிறியது 10-க்குள் இருந்தாக வேண்டும். 10-க்குள் உள்ள பகா எண்களையோ நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்; 4, 6, 8, 9, 10 ஆகியவை 2-ஆலோ 3-ஆலோ வகுபடுபவை என்பதால் அவற்றைத் தனியே பார்க்க வேண்டியதில்லை. எனவே 97 பகா எண்.

இந்த நான்கு எண்களைக் கொண்டே 120 வரை சோதித்துவிடலாம். அவள் 119-ஐ 7 × 17 என்று தானே உடைத்தாள். 121 முதல் 168 வரை 11-ஐ மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். 169 வந்ததும் 13 தேவைப்படும், ஏனெனில் அது 13 × 13.