லேவியராகமமும் எறால் தொக்கும்

போன ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சி பாளையங்கோட்டைல பெரியப்பா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன், எறால் தொக்கு, பெரியம்ம கைப்பக்குவத்த கேக்கவா வேணும். வாய்ல வச்சதும் பெரியப்பா ஆரம்பிச்சிட்டாவ, 2018ல சுப்ரீம் கோர்ட், ஓரினச்சேர்க்கைய குத்தம்னு சொன்ன 377ஆம் பிரிவுல கை வச்சதும் தப்பு, அதே செப்டம்பர்ல விபசாரத்த குத்தம்னு சொன்ன 497ஐ தூக்குனதும் தப்பு, பைபிள்ல லேவியராகமம் 20ல ரெண்டுக்கும் சாவுன்னு தெளிவா போட்டிருக்குல்லா, நாட்டுச் சட்டமும் அப்படித்தாம்ல இருக்கணும்னு.

"அதே லேவியராகமம் 11ல தண்ணில இருக்கதுல செட்டையும் செதிளும் இல்லாதத திங்கக்கூடாதுன்னு இருக்கே பெரியப்பா, இந்த எறால என்ன செய்ய"ன்னேன். பெரியம்மைக்கு சிரிப்பு தாங்கல. அது பழைய ஏற்பாடுலா, இப்ப நமக்கு இல்லன்னு பெரியப்பா சொல்லுதாவ. அப்போ 20ஆம் அதிகாரம் மட்டும் புதுசா?

இன்னொண்ணு, லேவியராகமத்துல விபசாரத்துக்கு ஆணுக்கும் பொண்ணுக்கும் ரெண்டு பேருக்குமே சாவுதான், ஆனா நம்ம நாட்டுல 2018 வரைக்கும் இருந்த 497ல பொம்பளைக்கு தண்டனையே கெடையாது, புருசன் சம்மதிச்சிட்டா குத்தமே இல்ல, அதாவது பொண்டாட்டி அவன் சொத்து மாதிரி. 1860ல வெள்ளக்காரன் போட்ட அந்தச் சட்டத்துக்குப் போய் வேதத்த முட்டுக்குடுக்கலாமா? யோவான் 8ல, விபசாரத்துல பிடிபட்டான்னு ஆம்பளைய விட்டுட்டு பொம்பளைய மட்டும் இயேசுகிட்ட இழுத்துட்டு வந்தவங்கதான் ஞாபகம் வந்தாங்க. சபைக்கு வெளிய இருக்கவங்களத் தீர்ப்பு சொல்ல எனக்கென்னன்னு பவுலே கொரிந்தியருக்கு எழுதுனாரு (அத மட்டும் யாரும் பிரசங்கத்துல எடுக்க மாட்டாங்க).

"நாளைக்கு வேறொருத்தர் அவங்க புஸ்தகத்த வச்சி நம்ம தட்டுல என்ன இருக்கணும்னு சட்டம் போட்டா?"ன்னு கேட்டேன். பெரியப்பா பதிலே சொல்லல, இன்னொரு கரண்டி தொக்கு கேட்டாவ.