இன்டர்வியூவுக்கு என்ன போடுவது?

ஊரிலிருந்து யாராவது வேலை தேடிப் பெங்களூரு வந்தால், எங்கள் அல்சூர் வீட்டில் பையை இறக்கியதும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இன்டர்வியூவுக்கு முன்னால் திறனைச் சோதிக்க வைக்கும் ஆப்டிட்யூட் டெஸ்டில் உங்கள் சட்டையை யாரும் பார்க்கப் போவதில்லை, ஏசி அறையில் அசையாமல் உட்கார வேண்டும், அதனால் இறுக்காத முழுக்கைப் பருத்திச் சட்டை நல்லது. ஆனால் சில கம்பெனிகளில் தேறியவர்களை அன்று மதியமே இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், எனவே டி-ஷர்ட் வேண்டாம்.

வெளிர் நீலச் சட்டை, கருநீல பேண்ட், பாலிஷ் போட்ட ஷூ போதும். பெண்களுக்குச் சுடிதாரோ புடவையோ, எது பழக்கமோ அது. கோட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள்.

அப்புறம், புது ஷூவை அன்றைக்கென்று எடுத்து வைக்காதீர்கள். என் சித்தி மகன் அப்படித்தான் போனான். சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றினால் குதிகால் தோல் உரிந்து, சாக்ஸ் ரத்தத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. எனக்கு மனசே கேட்கவில்லை. மூன்று ரவுண்டு அந்த வலியோடு பதில் சொல்லியிருக்கிறான்!

இன்டர்வியூ, ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஒயிட்ஃபீல்டில் என்றால் அல்சூரிலேயே பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறலாம், 2023 அக்டோபரிலிருந்து கடைசி வரை போகிறது. மழைக்காலத்தில் செருப்போடு கிளம்பி, ஷூவைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.