சுவரோரக் குழாய் எங்கே போய் முடிகிறது?

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் வாசலில் நின்றே கேட்பது, "தண்ணி எப்படிங்க?" என்றுதான். மெட்ரோ வாட்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், போர் (ஆழ்துளைக் கிணறு) எத்தனை அடி, உப்பா நல்ல தண்ணியா, கோடையில் லாரி வாங்க வேண்டியிருக்குமா என்று விசாரணை நீளும். வெளிச்சம், காற்று, வாடகை எல்லாம் அதற்குப் பிறகு. இவ்வளவு கேட்கிறவர்கள்கூட, மொட்டை மாடியிலிருந்து சுவரோரமாக இறங்கும் மழைநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேட்பதில்லை. வீட்டுக்காரரைக் கேட்டால் அவருக்கும் பல நேரம் தெரியாது.

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. ஊர் முழுக்கக் குழி தோண்டினார்கள். சரியாகச் செய்த தெருக்களில் அடுத்து வந்த மழைகளுக்குக் கிணறு ஏறியதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதன் பிறகு பல வீடுகளில் குழி மண் மூடிப்போனது. சில இடங்களில் மேலே டைல்ஸ் ஒட்டி கார் நிறுத்துகிறார்கள். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த இதே நகரம், 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு குடத்தோடு தெருவில் நின்றது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மூன்றரை வருட இடைவெளியில் நடந்த இரண்டுக்கும், பெய்த மழையை நிலத்துக்குள் அனுப்பாததற்கும் ஒரு பங்கு உண்டு.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்ட் மனையில் பாதி அளவுக்குத் தளம் என்றால் 1,200 சதுர அடி, ஏறத்தாழ 111 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. ஆவியாகிப் போவது, தளம் உறிஞ்சுவது, சிதறுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஏறக்குறைய 1.25 லட்சம் லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரி பத்து வந்து நின்றதற்குச் சமம். இதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. அடித்தால் அந்தத் தளத்திலிருந்து 6,600 லிட்டர் இறங்கும். குழாயும் குழியும் அந்த வேகத்தைத் தாங்கியாக வேண்டும். அதனால் 500 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாயாவது வேண்டும். 1,200 சதுர அடிக்கு ஒரே குழாய் விட்டிருந்தால் தளத்தில் தண்ணீர் கட்டும், கொஞ்ச நாளில் கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் பூக்கும்.

குழி தோண்டும் முன் மண்ணைப் பார்க்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் மணல். அண்ணா நகர், கே.கே. நகர்ப் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் கொஞ்சம் ஆழத்திலேயே பாறை. ஒரே தெருவிலும் மாறும். இரண்டடி ஆழத்துக்கு ஒரு சின்னப் பள்ளம் தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். முதல் தடவை காய்ந்த மண் குடித்துவிடும், அதை நம்பக் கூடாது. மறுபடி நிரப்பிப் பாருங்கள். அரை மணியில் வடிந்தால் மணல் பாங்கு. மறுநாள் காலையிலும் நின்றால் களிமண்.

மணலாக இருந்தால் வேலை சுலபம்: 3 அடி விட்டத்தில் 15 அடி ஆழ உறைகிணறு. ஓரடி உயர சிமெண்ட் உறைகள் 15 இறங்கும். பக்கவாட்டில் ஓட்டை உள்ள உறையாக வாங்க வேண்டும். உறைகளுக்கு நடுவே சிமெண்ட் பூசவே கூடாது. அடியில் கான்கிரீட் போடக் கூடாது, அரை அடிக்குக் கருங்கல் ஜல்லி மட்டும் போதும்; மேலிருந்து விழும் தண்ணீர் மண்ணைக் குழி பறிக்காமல் இருக்கத்தான் அது. கிணறு கட்டிப் பழகிய கொத்தனார்கூடப் பழக்க தோஷத்தில் அடியில் கான்கிரீட் போட்டுவிடுகிறார். அப்படிச் செய்தால் அது தொட்டி. அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டாதீர்கள். செப்டிக் டேங்க் இருந்தால் எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போங்கள்.

இந்தக் கிணறு ஒரே நேரத்தில் சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். அதை ஜல்லியால் நிரப்பச் சொல்பவர்கள் உண்டு. நிரப்பினால் இடுக்குகளில் நிற்கும் தண்ணீர் மட்டும்தான் மிச்சம், பாதிக்கும் குறைவு. இரண்டு மூன்று மழைக்காலத்தில் அந்த இடுக்குகளில் வண்டல் அடைத்துவிடும், ஜல்லியை வாரிக் கழுவாமல் சரிசெய்யவும் முடியாது. காலியாக விட்ட கிணற்றில் படியும் வண்டலை வாரி வெளியே எடுத்துவிடலாம். மேலே தூக்கக்கூடிய கான்கிரீட் மூடி போட்டு, விளிம்பில் கொசு நுழையும் இடைவெளி இல்லாமல் அடைத்துவிடுங்கள். மூடிக் கிடந்த கிணற்றில் ஆளை உடனே இறக்கக் கூடாது. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும். முடிந்தவரை மேலிருந்தே வாரப் பாருங்கள்.

களிமண்ணில் வெறும் உறை இறக்கினால் தண்ணீர் நிற்கும், வழியும், பயன் இல்லை. கிணற்றின் அடியிலிருந்து மணல் அடுக்கு தட்டும்வரை 6 அங்குலத்தில் ஒரு துளை போட்டு, பக்கத்தில் கீறல் உள்ள பி.வி.சி. குழாயை இறக்க வேண்டும். குழாயின் தலை கிணற்றுத் தரையிலிருந்து இரண்டடி உயர்ந்து நிற்கட்டும், அதற்கு நைலான் வலை சுற்றுங்கள். வண்டல் கீழே படியும், தெளிந்தது மட்டும் குழாய்க்குள் போகும். பாறைப் பகுதியில் பாறை தட்டும்வரைதான் உறை. பழைய திறந்த கிணறு மனையில் இருந்தால் அதைவிட நல்ல இடம் எந்த மண்ணிலும் கிடையாது. அதைத் தூர்த்து மேலே ஷெட் போடுவதைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் போருக்குள் தளத்துத் தண்ணீரை நேரே விடுவது பெரிய தப்பு. இலையும் தூசியும் போரின் துவாரங்களை அடைத்து, இருந்த ஊற்றும் போய்விடும்.

தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் சேர்ப்பதானால் வடிகட்டி அவசியம். இரண்டரை அடி நீள, அகல, ஆழத்தில் செங்கல் தொட்டி. அடியில் கூழாங்கல், நடுவில் சின்ன ஜல்லி, மேலே நன்றாகக் கழுவிய பருமணல், ஒவ்வொன்றுக்கும் இடையில் நைலான் வலை. மணலைக் கழுவாமல் கொட்டினால் முதல் மழையிலேயே சம்ப் கலங்கிவிடும். பருவத்தின் முதல் மழை தளத்து அழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு வரும். குழாயின் கீழ்முனையில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) பொருத்தி மூடி போட்டுவிட்டால், அந்த மழையில் மட்டும் மூடியைக் கழற்றி முதல் 200 லிட்டரை வெளியேற்றலாம்.

இன்னொரு தப்பு, தெருவையே கெடுப்பது: மழைநீர்க் குழாயைச் சாக்கடை மேன்ஹோலில் சேர்ப்பது. சாக்கடைக் குழாய் மழை வெள்ளத்துக்காகப் போட்டதல்ல. பத்து வீட்டுத் தண்ணீர் அதில் இறங்கினால் தாழ்வான வீட்டின் கழிவறையில் சாக்கடை மேலெழும். "எங்க வீட்டுல தண்ணி நிக்கல" என்று சொல்லும்போது, அது யார் வீட்டில் நிற்கிறது என்று யோசிக்க வேண்டும்.

கடலோரத்தில் கவனம் கூடுதலாக வேண்டும். அங்கே நல்ல தண்ணீர் கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே சுமார் 40 அடிக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரப் பார்க்கும். போரை இன்னும் ஆழமாக்கினால் உப்புதான் கிடைக்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே வந்த கதை ஊரறிந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி மாதம் ஒருமுறை பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. கிருமி இருக்கிறதா என்பதை அந்த மீட்டர் காட்டாது.

உலகத்திலேயே நிலத்தடி நீரை அதிகம் எடுக்கும் நாடு இந்தியா. பஞ்சாபின் நெல் வயலிலும் நம் தெருவின் அடுக்குமாடியிலும் நடப்பது ஒன்றுதான்: என் மனை, என் மோட்டார். 1882-ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டம், தன் நிலத்துக்கடியில் உள்ள நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை நில உரிமையாளருக்குத் தருகிறது. மாட்டைக் கட்டிக் கவலை ஏற்றத்தில் நீர் இறைத்த காலத்து ஏற்பாடு அது. ஐந்து குதிரைசக்தி மோட்டார் பக்கத்து வீட்டு ஊற்றையும் சேர்த்தே இழுக்கிறது. காம்பவுண்ட் சுவருக்குக் கீழே எல்லைக்கோடு கிடையாது. நாம் இறக்கும் மழையும் அதேபோலப் பக்கத்து வீட்டுக்குப் போகும். "நான் சேமிச்சா அவன் எடுத்துக்குவான்" என்று தயங்குகிறவர்கள் உண்டு. அதற்காகத்தான் தெருவில் பத்து வீடாவது சேர்ந்து செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு போதும். தளத்தைப் பெருக்குங்கள், குழாய் வாயில் உள்ள வலையில் சிக்கிய இலையை எடுங்கள், ஒரு குடம் தண்ணீரை மாடியில் ஊற்றி அது கீழே எங்கே வருகிறது என்று ஒருவர் நின்று பார்க்கட்டும். வண்டலை வாருங்கள். மழைக்கு முன்னும் தை மாதமும் மோட்டார் போடாத விடியற்காலையில், கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் விட்டு எத்தனை அடியில் நனைகிறது என்று அளந்து, தேதியோடு மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். வீடு கைமாறினாலும் அந்தக் கணக்கு அங்கேயே இருக்கும்.