ஃபேன் சத்தத்துக்கு ஃபேனை மாற்ற வேண்டியதில்லை

கிருஷ்ணகிரியில் சித்திரை வெயிலில் மத்தியானம் அறைக்குள்ளேயே 35 டிகிரி இருக்கும். அந்தக் காற்றைத்தான் கம்ப்யூட்டரும் இழுத்தாக வேண்டும், அதனால் உள்ளே ஃபேன் ஓடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. என்னைத் தொந்தரவு செய்வது அது ஓடுவது அல்ல. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் விர்ரென்று ஏறி, மூன்று நொடியில் இறங்கி, அடுத்த பக்கத்துக்கு மறுபடி ஏறும் பாருங்கள், அதுதான். ராத்திரி கல்யாண வீடியோவுக்கு ஆடியோ சரிசெய்கிற நேரத்தில் இந்த ஏற்ற இறக்கம் காதைவிட்டுப் போகவே போகாது. ஒரே சீராக ஓடுகிற ஃபேன் கொஞ்சம் சத்தமாகவே இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் காது அதை மறந்துவிடும்.

ராயக்கோட்டை ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கிற தம்பி போன வாரம் கேட்டான்: "அண்ணா, ஃபேனையே மாத்திடட்டுமா? கடையில பெருசா ஒண்ணு காட்டுனாங்க."

"காசைப் போடாதடா, முதல்ல பயாஸுக்குள்ள போய்ப் பாரு" என்றேன். பயாஸ் என்பது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கிற மதர்போர்டின் செட்டிங் திரை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பிராசஸருக்குள் இருக்கிற சிப் ரொம்பச் சின்னது. வேலை வந்தவுடன் ஒரு நொடிக்குள் அதன் சூடு 15, 20 டிகிரி எகிறிவிடும், வேலை முடிந்ததும் அதே வேகத்தில் விழுந்துவிடும். ஆனால் அதன் மேல் உட்கார்ந்திருக்கிற ஹீட்சிங்க் ஒரு கனமான உலோகக் கட்டி, அது சூடேற நிமிடக் கணக்கில் ஆகும். ஃபேன் குளிர வைப்பது ஹீட்சிங்க்கை. அப்படியிருக்க, சிப் சூட்டைத் துரத்திக்கொண்டு ஒவ்வொரு நொடியும் ஃபேன் ஏறி இறங்குவதால் குளிர்ச்சி கூடுவதே இல்லை, சத்தம் மட்டும்தான் மிச்சம். கம்பெனிக்காரர்கள் பயாஸில் போட்டு அனுப்புகிற செட்டிங் பெரும்பாலும் இந்தத் துரத்தலைத்தான் செய்கிறது.

அதனால் செய்ய வேண்டிய முதல் வேலை தாமதம் கொடுப்பது. சில மதர்போர்டில் ஸ்டெப் அப் டைம் என்று இருக்கும், சிலவற்றில் எத்தனை டிகிரி மாறினால் ஃபேன் வேகம் மாற வேண்டும் என்று சொல்கிற டெம்பரேச்சர் இன்டர்வல். எந்தப் பேரில் இருந்தாலும் அதைக் கூட்டி வையுங்கள். விண்டோஸில் ஃபேன்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் ஹிஸ்டெரிசிஸ் (எத்தனை டிகிரி மாறும்வரை பொறுக்க வேண்டும்), ரெஸ்பான்ஸ் டைம் (எத்தனை நொடி பொறுக்க வேண்டும்) இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். அப்புறம் எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டுகிற கிராஃபில் ஒரு நீளமான சமதளம் வேண்டும். நான் 60 டிகிரி வரைக்கும் 40 சதவீதத்தில் ஒரே கோடாக விட்டு, 75 டிகிரிக்கு 65 சதவீதம், 85க்கு முழு வேகம் என்று வைத்திருக்கிறேன். 70 டிகிரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்டெல் சிப்கள் பெரும்பாலும் 100 டிகிரியை நெருங்கினால்தான் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வேகத்தைக் குறைத்தால் காற்று குறையுமே என்று கேட்கலாம். குறையும்தான், ஆனால் சத்தம் அதைவிட எவ்வளவோ வேகமாகக் குறைகிறது. ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது, பாதியானால் காற்றும் பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும், 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். வெறும் 20 சதவீதம் குறைத்தாலே கிட்டத்தட்ட 5 டெசிபல் கிடைக்கிறது. ஃபேனைக் கடைசி 20 சதவீதத்தில் ஓட்டுவதால் கிடைக்கிற குளிர்ச்சி கொஞ்சம், அதற்கு நாம் கொடுக்கிற விலை பெரிது.

ஒரு விஷயம் நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டும். வெளிச்சூடு கூடினால் உள்சூடும் அதே அளவு கூடும். மார்கழிக் குளிரில் உட்கார்ந்து கிராஃப் போட்டால் சித்திரையில் அந்தச் சமதளத்தைத் தாண்டி ஃபேன் மறுபடி ஏறி இறங்க ஆரம்பிக்கும், ஆகவே வெயில் காலத்தில் மத்தியானம் போட்டுப் பாருங்கள். ஓசூர் நம் மாவட்டம்தான், ஆனால் 900 மீட்டர் உயரத்தை ஒட்டி இருப்பதால் அங்கே இருப்பவர்கள் என் கணக்கிலிருந்து சில டிகிரி குறைத்தே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தூசி. பர்கூர் பக்கம் கிரானைட் லாரி போகிற ரோட்டோரத்தில் வீடு இருந்தால் சொல்லவே வேண்டாம். பிராசஸர் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். ஃபேனில் இருப்பது கொஞ்சம்தான், அதற்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அப்படியே முழுசாகக் கையோடு வரும். அது இருக்கிறவரை எந்த செட்டிங்கும் உதவாது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ப்ளோயர் அடிப்பதாக இருந்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழலவிட்டால் பேரிங் கெடும்.

ஃபேன் ஒயரில் மூன்று பின்னா நான்கு பின்னா என்பதையும் பார்க்க வேண்டும். நான்கு பின் என்றால் பிடபிள்யூஎம், 12 வோல்ட் அப்படியே போகும், நான்காவது ஒயரில் வருகிற 25 கிலோஹெர்ட்ஸ் சிக்னல்தான் வேகத்தைச் சொல்லும். மூன்று பின் என்றால் வோல்ட்டைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும், பயாஸில் டிசி மோடு என்று மாற்ற வேண்டும். பிடபிள்யூஎம் மோடிலேயே விட்டால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். ரொம்பப் பேர் வீட்டில் சத்தத்துக்குக் காரணமே இதுதான். ஓடிக்கொண்டிருக்கிற ஃபேன் குறைந்த வோல்ட்டில் ஓடிவிடும், ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்ப அதைவிடக் கொஞ்சம் கூடுதல் வோல்ட் வேண்டும். லினக்ஸில் ஃபேன்கன்ட்ரோல் (பேர் ஒன்றுதான், மென்பொருள் வேறு) பயன்படுத்துகிறவர்கள் மின்ஸ்டார்ட் (கிளம்பத் தேவையான குறைந்த அளவு), மின்ஸ்டாப் (நிற்காமல் ஓடத் தேவையான குறைந்த அளவு) என்று இரண்டு எண் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

இரண்டு கேபினட் ஃபேன் பக்கத்துப் பக்கத்து வேகத்தில் ஓடினால் 'ஊ... ஊ...' என்று அலை மாதிரி ஒரு முனகல் வரும். ஒன்றை 100 ஆர்பிஎம் தள்ளி வைத்தால் நின்றுவிடும்.

எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி, அதற்குள் இருக்கிற ஃபேன் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதன் வேகத்தை அதுவேதான் பார்த்துக்கொள்ளும், பயாஸில் பிடிபடாது. அது சத்தம் போட்டால் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கிற அளவுக்குக் கரண்ட் நிற்கும். வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடுங்கள்.