துண்டை எடுத்துட்டுப் பேசு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் ஒரு தாளை நீட்டினாள். எதிர்ச்சொல் எழுதச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. பத்தில் ஒன்பதை அவளே முடித்துவிட்டாள். ஏழாவது மட்டும் காலி. அங்கே இருந்த சொல் 'மர்மம்'.

"தெளிவு"ன்னு எழுது என்றேன், அடுப்பில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"குழப்பத்துக்கு எதிர்தான் தெளிவு. மூணாவதுலயே எழுதிட்டேன். ரெண்டுக்கும் ஒண்ணே வருமா?"

நியாயமான கேள்வி. பெருந்துறையில் சின்னதாக ஒரு டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கத் தமிழைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். என்னாலேயே சட்டென்று சொல்ல முடியவில்லை.

தெளிவு என்பது தண்ணீர்ச் சொல். சின்ன வயதில் எங்கள் கிணறு வற்றிய வருஷங்களில் கீழ்பவானி வாய்க்காலில் இருந்துதான் குடத்தில் கொண்டுவருவோம். மடை திறந்த முதல் சில நாள் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு டீத்தண்ணி நிறத்தில் வரும். ஆத்தா ஒரு தேற்றாங்கொட்டையை எடுத்து மண்பானையின் உள்பக்கம் வட்டமாக உரசுவாள். சொரசொரவென்று சத்தம் கேட்கும். பானையில் வெள்ளையாக ஒரு பூச்சு படியும். அதன் மேல் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், விடிகாலையில் மண்ணெல்லாம் அடியில் உட்கார்ந்திருக்கும். பானையை ஆட்டாமல் மேலாக மொள்ள வேண்டும். நான் ஆட்டிவிட்டு வாங்கிய குட்டுகள் அநேகம். தேற்றுவது என்றாலே தெளிய வைப்பதுதான், கொட்டைக்குப் பெயரே அதனால்தான். இந்த மரம் கலித்தொகையிலேயே 'இல்லம்' என்ற பெயரில் வந்துவிடுகிறது. அதன் காழை, அதாவது கொட்டையை, கொண்டு தேற்றிய நீர் போல ஒருத்தி தெளிந்தாள் என்று.

ஆக, தெளிவுக்கு எதிரி கலங்கல். கலங்கிய தண்ணீரை யாரும் ஒளித்து வைக்கவில்லை. கண் முன்னால்தான் இருக்கிறது, அடிதான் தெரியவில்லை.

மர்மம் அப்படி இல்லை. அது வடமொழிச் சொல். உடம்பில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான இடத்துக்குப் பெயர். நம் ஊரில் வர்மம் என்று சொல்வதும் அதுதான். மறைத்துக் காக்க வேண்டியது. யாரோ ஒருத்தர் வேண்டுமென்றே மூடியது. அப்படியென்றால் அதற்கு எதிர், மூடியதை எடுப்பது.

மூடுவது என்றதும் எனக்கு அப்பாருவின், அதாவது தாத்தாவின், துண்டு ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாரு வியாழக்கிழமைகளில் ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்குப் போவார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். அங்கே விலையை யாரும் வாயால் சொல்லவில்லை. தரகர் ஒருவர் வந்து அப்பாருவின் கையைப் பிடித்தார். இரண்டு கைக்கும் மேலே துண்டு விழுந்தது. துண்டுக்குள் விரல்கள் அசைவது மட்டும் தெரிந்தது. அப்பாரு வெற்றிலையை மென்றபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். தரகர் தலையை ஆட்டினார், சிரித்தார், கையை உதறினார், மறுபடி பிடித்தார். பக்கத்தில் நின்ற நூறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. இத்தனை விரல் பிடித்தால் இத்தனை என்று கணக்கு. நூறா ஆயிரமா என்பதை மாட்டைப் பார்த்தாலே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். எருதைக் கைமாற்றிவிட்டு பஸ் ஏறியபின் எவ்வளவு என்று கேட்டேன். "அது துண்டுக்குள்ள போன கணக்கு கண்ணு" என்றார். ஆத்தாவிடமாவது சொன்னாரா என்பது இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாராவது சுற்றி வளைத்தால், "துண்டை எடுத்துட்டுப் பேசு" என்பது வழக்கமாகிவிட்டது. என் கல்யாணப் பேச்சிலேயே அம்மா இதைச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் திருதிருவென்று விழித்தார்கள். அவர்களும் கொங்குக்காரர்கள்தான், ஆனால் மாடு வளர்க்காத குடும்பம்.

இதை வீட்டுப்பாடத் தாளில் எழுத முடியாதே. பட்டவர்த்தனம், அப்பட்டம், வெட்டவெளிச்சம், உள்ளங்கை நெல்லிக்கனி என்று வரிசையாகச் சொன்னேன். நெல்லிக்கனி மகளுக்குப் பிடித்தது, ஆனால் கோட்டில் இடம் பத்தாது என்றாள். அப்பட்டம் என்றால் பொய்க்கு முன்னால்தான் வரும் என்றாள். அதுவும் சரிதான். 'அப்பட்டமான உண்மை' என்று கடைசியாக எப்போது கேட்டேன்?

கடைசியில் 'வெளிப்படை' என்று எழுதச் சொன்னேன். அதில் எனக்கு ஊர்ப் பாசமும் கொஞ்சம் உண்டு. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் எங்கள் சீனாபுரத்துக்காரர் என்று இந்தப் பக்கம் பெருமையாகச் சொல்வோம். பாயிரத்தில் வரும் சனகை இந்த ஊர்தான் என்பது எங்கள் கட்சி. மைசூர்ப் பக்கம் என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள், இருக்கட்டும். அவர் சொற்களை இரண்டாகப் பிரிக்கிறார். குறிப்பால் பொருள் தருவது, நேராகவே தருவது. பின்னதற்குத்தான் வெளிப்படை என்று பெயர். 'மாடு கறக்குது' என்றால் பசு, 'மாடு பூட்டியாச்சு' என்றால் எருது. மாடு என்ற பொதுச்சொல்லை மற்ற சொல் பிடித்து ஒரு பக்கம் தள்ளுகிறது, அது குறிப்பு. பசு என்றே சொல்லிவிட்டால் வெளிப்படை. அவ்வளவுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வல்லினம் மெல்லினத்தோடு இதையும் ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நாம்தான் அதற்கு வால் வைத்தோம். 1998-இல் டெண்டர்களுக்காகத் தமிழ்நாட்டில் வந்த சட்டத்தின் பெயரிலேயே வெளிப்படைத்தன்மை இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் 'தன்மை' ஒட்டியதும் அந்தச் சொல்லுக்கு ஒரு மேசை நாற்காலி வந்துவிடுகிறது. என் கடையில் தட்டுகிற கடிதங்களில் அந்தச் சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறதோ அவ்வளவுக்கு விஷயம் புரியாது.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். தோட்டத்து எல்லையை அளந்து தரச் சொல்லி மனுக் கொடுத்தவர். ஓர் அலுவலகத்தில் இருந்து வந்த பதிலை நீட்டி, "என்னன்னு போட்டிருக்குது அம்மிணி?" என்றார். பார்வையில் காணும் தங்கள் மனுவின் மீது உரிய விதிகளுக்குட்பட்டு நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது என்பதைத் தெரிவித்துக்கொள்ளலாகிறது. மூன்று முறை படித்தேன். ஒரு சொல்லும் தெரியாத சொல் இல்லை. கலங்கலும் இல்லை. முழுக்கத் துண்டு.

"பாத்துட்டு இருக்காங்களாமுங்க" என்றேன்.

"ஆரு?"

அது கடிதத்தில் இல்லை. அன்றே 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுத் தட்டிக் கொடுத்தேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று. பெரியவர் சொல்லச் சொல்ல எழுதிய கேள்விகள் இரண்டே இரண்டு. என் மனு இன்றைக்கு யார் மேசையில் இருக்கிறது? எந்தத் தேதியில் இருந்து இருக்கிறது?

பதில் சொல்ல அவர்களுக்கு முப்பது நாள். இன்று இருபத்திரண்டு. காலையில் கடை திறக்கும்போது பெரியவர் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலேயே, "வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மகளின் தாள் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது. ஏழாவதை அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையில் 'தெளிவு' என்று எழுதியிருந்தது.