தொண்ணூத்தொம்பது ரூபா சந்தா

கடலூர் மஞ்சக்குப்பத்துல தையல் கடை வச்சிருக்கிற சித்தி பொண்ணு, பிளவுஸ் கட்டிங் சொல்லித்தர தனியா ஒரு இணையதளம் போடப் போறா. மாசம் 99 ரூபா சந்தா. "நூறு பேர் சேந்தா மாசாமாசம் 9,900 நிக்காம வரும்ணா"ன்னு ஒரே குஷி.

நிக்காம வராது. மாசத்துக்கு நூத்துக்குப் பத்து பேர் விலகினா, புதுசா யாரும் சேரலைன்னா, வருஷக் கடைசியில 28 பேர்தான் மிஞ்சுவாங்க. நூறு நூறாவே இருக்க மாசம் பத்து புது ஆள் வேணும். வட்டி மாதிரி தானா வர்ற காசுன்னு சிலர் யூடியூப்ல பேசுறதைக் கேட்டா சிரிப்புதான் வருது.

இன்னொண்ணு, ரிசர்வ் வங்கி விதி. 2021 அக்டோபர்லேர்ந்து கார்டுல தானா பணம் எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி தகவல் போயாகணும். யுபிஐ ஆட்டோபேலயும் முன்கூட்டியே மெசேஜ் வந்துடும். அதைப் பாத்ததும்தான் பல பேருக்கு 'அட, இதுக்கு வேற கட்டிக்கிட்டிருக்கோமா'ன்னு உறைக்கும். (நானே அப்படி ரெண்டு ஓடிடியை நிறுத்தியிருக்கேன்!)

வீடியோவுக்காக மட்டும் யாரும் தங்க மாட்டாங்க, அது இலவசமாவே கொட்டிக் கிடக்கு. தச்ச பிளவுஸைப் போட்டோ எடுத்து அனுப்பினா, "கை குழி ஆழமாயிடுச்சு, அரை இஞ்ச் குறை"ன்னு இவ பதில் சொல்றா பாருங்க, காசு அதுக்குத்தான். அப்போ தீபாவளி சீசன்லயும் கடை வேலைக்கு நடுவுல பதில் சொல்லணுமே?

"அதுக்கு ஒரு ஆள் போடணுமோ"ன்னு இப்ப யோசிக்கிறா. ஆள் சம்பளம் போக கணக்கு மறுபடி போட்டுக்கிட்டிருக்கோம்.